அட்டைக் கேடயமும் தேன் ரொட்டியும்

1152ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நியூபரியில் ஒரு கோட்டையை ஸ்டீபன் மன்னரின் படை முற்றுகையிட்டிருந்தது. கோட்டைக்காரரான ஜான் மார்ஷல் கொஞ்சம் அவகாசம் கேட்டார். சொன்ன சொல் தவறமாட்டேன் என்பதற்குப் பிணையாகத் தன் மகன் வில்லியமை மன்னரிடம் அனுப்பினார். பையனுக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும். கிடைத்த அவகாசத்தில் ஜான் கோட்டைக்குள் ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்கில் போடுவோம் என்று மன்னர் தரப்பு மிரட்டியபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கத் தன்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன என்று பதில் அனுப்பினாராம் அந்தத் தகப்பன்.

சிறுவனைத் தூக்குமரத்துக்கு நடத்திப் போனார்கள். வழியில் ஒரு பிரபு கையில் வைத்திருந்த ஈட்டியைப் பார்த்தவன், அதை எனக்குத் தாருங்களேன் என்று கேட்டான். ஸ்டீபனுக்கு அதற்குமேல் மனம் வரவில்லை. பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பிறகொரு நாள் மன்னரின் கூடாரத்தில் புல்லும் பூவும் பரப்பியிருந்தன. வில்லியம் அதிலிருந்து நீண்ட தண்டுள்ள சில செடிகளைப் பொறுக்கி, ஒன்றை மன்னர் கையில் கொடுத்து விளையாடக் கூப்பிட்டான். அந்தத் தண்டுகளுக்குக் குழந்தைகள் வைத்திருந்த பெயர் ‘குதிரைவீரர்கள்’. ஒருவர் தன் தண்டை நீட்டிப் பிடிக்க, மற்றவர் தன் தண்டால் அதை ஓங்கி அடிக்க வேண்டும். நுனியிலுள்ள பூத்தலை அறுந்தால் தோல்வி. சிறுவன் அடித்தான். மன்னருடைய வீரனின் தலை உருண்டது.

இந்தக் கதை 1220களில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாற்றுச் செய்யுளில் இருக்கிறது; 19,000 அடிகளுக்கு மேல் நீளும் நூல் அது. தூக்குமரத்திலிருந்து தப்பிய அந்தப் பிள்ளைதான் பின்னாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற குதிரைவீரர் வில்லியம் மார்ஷல். 1216இல் ஒன்பது வயது மன்னன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்தவர். அவர் ஆடிய விளையாட்டும் இன்றுவரை சாகவில்லை. அந்தச் செடியை ஆங்கிலத்தில் பிளான்டெயின் என்பார்கள். பெயர்தான் அப்படி, நம் வாழைக்கும் அதற்கும் உறவில்லை. பாதையோரமெல்லாம் முளைக்கும் அந்தக் களைச்செடியின் தண்டை ஒடித்து, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘கெம்ப்ஸ்’ என்று சொல்லிப் பிள்ளைகள் ஆடிவந்திருக்கிறார்கள். நம் ஊரில் கோடை விடுமுறையில் குல்மோகர் மரத்தடியில் மகரந்தக் காம்புகளைக் கொக்கிபோல மாட்டி இழுத்து, யார் தலை முதலில் அறுகிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழந்தையின் பிறந்தநாளை ‘இடைக்காலக் கோட்டை’ என்ற தீமில் கொண்டாட நினைக்கும் பெற்றோர் இந்தத் தண்டுச் சண்டையிலிருந்து தொடங்கலாம். செலவு ஒரு காசும் இல்லை. எண்ணூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழந்தை உண்மையிலேயே ஆடிய ஆட்டம். அதைவிட முக்கியமாக, அந்தக் காலத்தில் தங்களைப்போலக் குழந்தைகள் இருந்தார்கள் என்பதை விருந்துக்கு வந்த பிள்ளைகள் கையால் தொட்டு உணர்வார்கள்.

கடைகளில் விற்கும் தீம் பெட்டிகளில் இல்லாமல் போவது இந்தக் குழந்தைகள்தான். லண்டனிலும் டொராண்டோவிலும் பாரிஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட அழைப்பிதழ்கள் பழகிப்போனவை. சென்னையிலும் தீம் பார்ட்டி புதிதல்ல. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் வாள், வெள்ளி பூசிய மார்புக்கவசம், பெண்பிள்ளைகளுக்குக் கூம்புத் தொப்பி, ஒரு டிராகன் பலூன். ஆண்பிள்ளை வெட்டுவான், பெண்பிள்ளை காத்திருப்பாள். ஆயிரம் ஆண்டு வாழ்க்கையில் ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க இவ்வளவுதானா இருக்கிறது? இருப்பதில் மிக மெலிந்ததை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

இடைக்காலத்தில் குழந்தைப்பருவம் என்ற எண்ணமே கிடையாது, பிள்ளைகளைச் சின்ன உருவப் பெரியவர்களாகத்தான் நடத்தினார்கள் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியே 1960இல் எழுதினார். அந்தக் கருத்து நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. பின்வந்தவர்கள் மறுத்தார்கள். ஆங்கில வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் ஆர்ம் 2001இல் வெளியிட்ட நூலில் அந்தக் காலத்துத் தாலாட்டு, பொம்மை, விளையாட்டு, பள்ளிக்கூடம் என்று அடுக்கடுக்காகச் சான்றுகளைக் காட்டினார். தேம்ஸ் ஆற்றங்கரைச் சேறும் சாட்சி சொன்னது. லண்டன் அருங்காட்சியகத்தில் ஈயக் கலவையில் வார்த்த ஒரு சிறு குதிரைவீரன் பொம்மை இருக்கிறது. காலம் 1300 வாக்கில். உள்ளே கூடாக இருக்கும்படி அச்சில் வார்த்தது. அச்சு இருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருக்கமாட்டார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் தெருவில் பிள்ளைகளுக்கென்று பொம்மை வியாபாரம் நடந்திருக்கிறது. அதே சேற்றிலிருந்து சொப்புச் சாமான்களும் கிடைத்தன: விரல் நுனி அளவுத் தட்டு, குவளை, கூஜா.

ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரத்துச் சிறுவன் ஒன்ஃபிமை எந்தப் பிறந்தநாள் விருந்துக்கும் அழைக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்தவன். பூர்ஜ மரப்பட்டையில் எலும்பாலோ உலோகத்தாலோ ஆன எழுத்தாணியால் கீறி எழுதப் படித்துக்கொண்டிருந்தான். நம் முன்னோர் ஓலையில் கீறியதுபோலத்தான். அவன் தொலைத்த பட்டைகள் 1956இல் அகழாய்வில் கிடைத்தன. ஒன்றில் நெடுங்கணக்கை எழுத ஆரம்பித்திருக்கிறான். சில எழுத்துகளிலேயே சலித்துவிட்டது போலும். மிச்ச இடத்தில் குதிரைமேல் ஒரு வீரன், கையில் ஈட்டி, கீழே விழுந்து கிடக்கும் எதிரி. வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறான். இன்னொரு பட்டையில் வளைந்த வாலோடு ஒரு விசித்திர மிருகம். அந்தக் காட்டு மிருகம் தானேதான் என்று எழுதிய குறிப்பும் கூடவே. அவன் வரைந்த மனிதர்களின் கைகள் மண்வாரிபோல இருக்கும். ஒரு கைக்கு மூன்று விரல், இன்னொன்றுக்கு ஐந்துக்கும் மேலே. வயது ஆறோ ஏழோ என்று அறிஞர்கள் கணிப்பதற்கு அந்தக் கைகளே போதும். அவற்றைப் பார்த்த எந்தத் தாயும் அதே வயதைத்தான் சொல்வாள்.

விருந்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுப்பு அட்டையில் ஒரு துண்டும் மழுங்கிய குச்சி ஒன்றும் கொடுத்து, நீ எந்த மிருகம் என்று கீறிக் காட்டச் சொன்னால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். ஒன்ஃபிமின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். அவ்வளவுதான் அலங்காரம்.

உடைக்கு வருவோம். பிரிட்டனில் இரண்டு தொண்டு அமைப்புகள் 2019இல் 19 கடைகளின் 324 ஹாலோவீன் உடைகளை ஆராய்ந்தன. துணியில் 83 விழுக்காடு எண்ணெயிலிருந்து வரும் பிளாஸ்டிக் இழை. குதிரைவீரர் உடையும் இளவரசி உடையும் அதே வகைத் துணிதான். ஒரு மாலை உடுத்திவிட்டுத் தூக்கிப்போடும் பொருள். தீப்பற்றினால் உருகி உடம்போடு ஒட்டும். மெழுகுவத்தி ஏற்றும் விருந்தில் இதை மறந்துவிடக் கூடாது. பழைய பருத்தித் துணியில் தலை நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் இடைக்காலத்து மேலங்கி தயார். கழுத்தில் இறுகும் முடிச்சு எதற்கும் வேண்டாம்.

கூம்புத் தொப்பி பதினைந்தாம் நூற்றாண்டில், பர்கண்டி, பிரான்ஸ் பகுதிகளின் பணக்காரப் பெண்கள் கொஞ்சகாலம் அணிந்த நாகரிகம். அதற்கு முந்தைய பல நூறு ஆண்டுகளில் அப்படியொரு தொப்பியை யாரும் போட்டதில்லை. வைக்கிங்குகளின் கொம்புத் தலைக்கவசமோ இன்னும் புதிது: 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் மேடையில் கொடுத்தது. கவசம் அணிந்த வீரரைக் குதிரையில் ஏற்றக் கப்பி வேண்டும் என்பதும் திரைப்படங்கள் பரப்பிய கதைதான். முழுக் கவசத்தின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ. உடம்பெங்கும் பரவி இறங்குவதால் அதை அணிந்து ஓடலாம், உருளலாம். பூசிகோ என்ற பிரெஞ்சு தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாகவும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கத்தைக் கையால் பிடித்தே ஏறியதாகவும் அவரது வரலாறு சொல்கிறது. இதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். கடையில் வாங்கிய கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியைத் தேடும்.

பெண்பிள்ளை வாள் கேட்டால் கொடுக்க வரலாறே இடம் தருகிறது. லிங்கன் கோட்டையின் பரம்பரைக் காவல் பொறுப்பு நிக்கோலா டி லா ஹே என்ற பெண்மணியிடம் இருந்தது. 1191இல் ஒரு முற்றுகையைத் தாங்கினார். 1217இல், அறுபது வயது கடந்த பிறகு, பிரெஞ்சுப் படையும் கிளர்ச்சிப் பிரபுக்களும் சேர்ந்து சூழ்ந்தபோதும் கோட்டையை விடவில்லை. அந்த மே மாதம் 20ஆம் தேதி அவருக்குத் துணையாகப் படையோடு வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? நியூபரியில் தண்டுச் சண்டை ஆடிய அதே வில்லியம் மார்ஷல், எழுபது வயதுக் கிழவராக. கோட்டை விருந்தில் அரியணையில் உட்கார வைக்க நிக்கோலாவைவிடப் பொருத்தமான பாட்டி கிடைக்கமாட்டார்.

ஐரோப்பாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இன்னொரு கேள்வியும் கேட்கும்: கறுப்பாக ஒரு வீரர் இருந்தாரா? ஜெர்மனியின் மாக்டெபுர்க் பேராலயத்துக்கு அழைத்துப் போய்க் காட்டலாம். முடியாவிட்டால் படம் காட்டலாம். 1240களில் செதுக்கிய புனித மொரீஷியஸின் மணற்கல் சிலை அங்கே நிற்கிறது. வளையக் கவசம், ஆப்பிரிக்க முகம். எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படைத்தலைவராக மரபு சொல்லும் புனிதர் அவர். அந்த ஊர்ச் சிற்பி அவரைத் தன் காலத்துக் குதிரைவீரராகவே வடித்தார். பள்ளியில் நாடகம் போடும்போது உனக்கு அடிமை வேடம்தான் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இந்தச் சிலை என்ன கொடுக்கும் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

கேடயம் செய்வதைத்தான் விருந்தின் நடுநாயகமாக வைக்க வேண்டும். தலைக்கவசம் முகத்தை மூடிவிட்டால் ஆளை அடையாளம் காண வழியில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கேடயச் சின்னங்கள் குடும்ப அடையாளமாக நிலைபெற்றன. பிரான்சின் லெ மான் நகர அருங்காட்சியகத்தில், 1151இல் இறந்த ஆஞ்சு பிரபு ஜெஃப்ரியின் கல்லறைத் தகடு இருக்கிறது. அவர் கையில் நீலக் கேடயம், அதில் தங்கச் சிங்கங்கள். இந்தச் சின்னக் கலைக்கு ஒரு அருமையான விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் உலோகங்கள், அதாவது பொன்னும் வெள்ளியும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறம் கூடாது, உலோகத்தின்மேல் உலோகம் கூடாது. புழுதிக்குள்ளும் தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரிய வேண்டுமே. நம் வாகன எண் பலகையில் வெள்ளையிலும் மஞ்சளிலும் கறுப்பு எழுத்து இருப்பதும் அதே கண்ணுக்காகத்தான்.

பிள்ளைகளிடம் விதியை வாயால் சொல்லிப் பயனில்லை. முதலில் நீல அட்டையில் பச்சை மீன் ஒட்டச் சொல்லி, கூடத்தின் மறுகோடியில் போய் நின்று பார்க்கவைக்க வேண்டும். மீன் காணாமல் போயிருக்கும். மஞ்சள் மீனை ஒட்டினால் துள்ளிக்கொண்டு முன்னால் வரும். அந்தக் கணத்தில் விதி அவர்களுடையதாகிவிடும். பெயரையே சின்னமாக்கும் வழக்கமும் அன்று இருந்தது. காஸ்டீல் நாட்டுக்குக் கோட்டை, லியோன் நாட்டுக்குச் சிங்கம். அப்படியானால் கயல்விழிக்கு மீன், வேலனுக்கு வேல், தாமரைக்குத் தாமரை, மயிலுக்கு மயில். புலியும் மீனும் வில்லும் பொறித்த மூவேந்தரின் வாரிசுகளுக்கு இது ஒன்றும் அந்நியமான பாடம் அல்ல. நெளி அட்டையும் ஒட்டுக்காகிதமும் போதும். விருந்து முடிந்ததும் கேடயத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். ரிட்டர்ன் கிஃப்ட் என்று தனியாக ஒரு பொட்டலம் வேண்டியதில்லை.

வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை போட்ட சிலுவைப்போர் உடை மட்டும் வேண்டாம். கடைகளில் மிகச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். 1096இல் அந்தச் சிலுவையைத் தைத்துக்கொண்டு புறப்பட்ட கூட்டங்கள் வழியிலேயே வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்களைக் கொன்றன. 1099இல் ஜெருசலேமில் நடந்த படுகொலையை உலகம் மறக்கவில்லை. வகுப்புத் தோழர்களில் முஸ்லிம் பிள்ளையும் யூதப் பிள்ளையும் இருக்கும் வீட்டு விருந்துக்கு அது பொருந்தாத உடை. சித்திரவதைக் கருவி அலங்காரங்களும் அப்படியே. பிள்ளைகளிடம் அந்தக் கொடுமைகளை மறைக்க வேண்டும் என்பதல்ல; வளர வளரச் சொல்லிக்கொடுக்கலாம். விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது.

சாப்பாடு. அமெரிக்காவில் இடைக்கால விழா என்றாலே கையில் ஒரு வான்கோழிக் கால். வான்கோழி மெக்சிகோவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பறவை. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், சாக்லேட், வனிலா, மிளகாய் எல்லாமே 1492க்குப் பிறகு கடல் கடந்தவை. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடலாம். சிப்ஸும் இல்லை, சாக்லேட் கேக்கும் இல்லை என்றால் பிறந்தநாளா? ஒரு மூலையில் அவையும் இருந்துவிட்டுப் போகட்டும். நடுமேசையில் மட்டும் அந்தக் காலத்துப் பண்டம் ஒன்று இருக்க வேண்டும்.

அந்தப் பண்டத்துக்கு நம் மண்ணோடு உறவு உண்டு. இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் நூலின் பெயர் ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’. கியூரி என்பதற்கும் நம் கறிக்கும் சம்பந்தமில்லை. சமைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சமையலறையின் அஞ்சறைப் பெட்டிக்குச் சம்பந்தம் உண்டு. மலபார் மிளகும் இலங்கைப் பட்டையும் செங்கடல், அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக லண்டனுக்குப் போயின. மிளகு வணிகர் சங்கம் ஒன்று 1180லேயே லண்டனில் பதிவாகியிருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒன்றில் ‘ஜிஞ்சர்பிரெட்’ செய்முறை இருக்கிறது. அடுப்பில் வைத்த தேன், துருவிய ரொட்டித் தூள், மிளகுத்தூள், பட்டைத்தூள், குங்குமப்பூ. பெயரில் இஞ்சி இருந்தும் எழுதப்பட்ட செய்முறையில் இஞ்சி இல்லை. சிவப்பு வேண்டுமானால் ‘சாண்டர்ஸ்’ தூவச் சொல்கிறது. சாண்டர்ஸ் என்பது செஞ்சந்தனம். ஆந்திர, தமிழக எல்லை மலைகளில் வளரும் நம் செம்மரம். கடத்தல் செய்தியில் மட்டுமே நாம் கேள்விப்படும் மரத்தின் தூள், ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர் பலகாரத்துக்குச் சிவப்பேற்றியிருக்கிறது.

வீட்டில் செய்வது எளிது. பழைய ரொட்டியை உலர்த்தி உதிர்த்துக்கொள்ள வேண்டும். அடி கனத்த பாத்திரத்தில் தேனை இளந்தீயில் சூடாக்கி, பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, பொடிகளைத் தூவி, ரொட்டித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளற வேண்டும். அல்வா கிண்டுகிற கைக்கு இந்தப் பதம் தெரியும்: கரண்டியோடு சுருண்டு, ஓரத்தில் ஒட்டாமல் வரும்போது இறக்கிவிடலாம். சூடான தேன் கையில் பட்டால் கொப்புளம்தான். இதுவரை பெரியவர் வேலை. தட்டில் தட்டி ஆறிய பிறகு துண்டு போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால், துண்டுக்கு ஒரு கிராம்பு குத்தி அலங்கரிப்பார்கள். சுவடியிலும் கிராம்பு அலங்காரம் உண்டு. சாப்பிடும் முன் கிராம்பை எடுத்துவிட வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தேன் ஆகாது. அன்றைய விருந்துகளில் பாதாம்பால் தாராளம். இன்று வரும் பிள்ளைகளில் யாருக்குக் கொட்டைப் பருப்பு ஒவ்வாது என்று முன்பே கேட்டுவிட்டால் நிம்மதி.

பரிமாறும் முறையும் நமக்கு ஒத்ததே. சில நாள் பழைய ரொட்டியைத் தடிமனாக நறுக்கித் தட்டாக வைத்தார்கள். அதற்கு டிரெஞ்சர் என்று பெயர். குழம்பு ஊறிய அந்த ரொட்டி பந்தி முடிந்ததும் ஏழைகளுக்குப் போனது. முள்கரண்டி அபூர்வம்; விரலால்தான் உணவு. அதனாலேயே பந்திக்கு முன்பு குவளையும் தாம்பாளமும் கொண்டுவந்து எல்லோர் கையிலும் நீர் ஊற்றினார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்தி ஒழுக்கம் சொல்லும் நூல்களே பதினைந்தாம் நூற்றாண்டில் இருந்தன. ஏழு வயதில் இன்னொரு பெரிய வீட்டுக்குப் பணிப்பிள்ளையாக அனுப்பப்பட்ட சிறுவர்களின் வேலைகளில் இந்த நீர் ஊற்றுவதும் ஒன்று. விருந்தின் நாயகனோ நாயகியோ அன்று அரியணையில் உட்காரும் முன், தோழர்கள் கையில் ஒரு தடவை நீர் ஊற்றட்டும்.

விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. வியன்னா அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய ஓவியம் தொங்குகிறது. இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஆடும் தெரு. இடைக்காலம் முடிந்து சில பத்தாண்டுகள் கழித்து வரைந்தது என்றாலும், அதிலுள்ள ஆட்டங்களில் பல அதற்கும் மூத்தவை. பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், பம்பரம் விடுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார்கள், எலும்புக் கழங்கு ஆடுகிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர், காண்டர்பரி, சாலிஸ்பரி ஆலயங்களின் தாழ்வாரக் கல் இருக்கைகளில் ஒன்பது காய் ஆட்டத்தின் கட்டங்கள் கீறிக் கிடக்கின்றன. நம் கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலிக் கட்டம் கிடப்பதைப் போல. சுண்ணாம்புக்கட்டியால் முற்றத்தில் கட்டம் போட்டு, அவரை விதையும் புளியங்கொட்டையும் காயாக வைத்தால் ஆயிற்று. பந்து கேட்டு அடம்பிடிப்பவர்களிடம், 1314இல் லண்டன் மேயர் நகருக்குள் கால்பந்து ஆடத் தடை போட்டார் என்று அறிவித்துவிட்டுப் பந்தை உருட்டிவிட்டால், தடையை மீறும் ஆனந்தத்தில் இரண்டு மடங்கு ஓடுவார்கள்.

சண்டை மட்டுமே கோட்டை அல்ல. கட்டியவர்கள் இல்லாமல் கோட்டை ஏது? பிரான்சின் பர்கண்டியில் கெதலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு முறையில் கட்டிவருகிறார்கள். கல் அங்கேயே வெட்டுகிறார்கள், மரம் பக்கத்துக் காட்டிலிருந்து. ஆள் உள்ளே நடந்து சுழற்றும் மரச்சக்கரம்தான் பாரந்தூக்கி. 2019இல் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயக் கூரை எரிந்த பிறகு, கோடரியால் உத்தரம் செதுக்கப் பழகிய இந்த ஊர்த் தச்சர்கள் சிலரின் கைகள் மறுசீரமைப்புக்கு உதவின. கெதலோனில் கொத்தனார் கையில் ஒரு முடிச்சுக் கயிறு இருக்கும்: பதின்மூன்று முடிச்சு, பன்னிரண்டு சம இடைவெளி. முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் சேர்த்துப் பிடித்து, மூன்று, நான்கு, ஐந்து இடைவெளிகளாக முக்கோணம் இழுத்தால் துல்லியமான செங்கோணம்.

மூன்று பிள்ளைகள் மூன்று மூலையைப் பிடித்து இழுத்தால் போதும். புத்தகத்தின் ஓரத்தை மூலையில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்; அச்சாகப் பொருந்தும். அட்டைப்பெட்டிக் கோட்டைக்கு அந்தக் கயிற்றால் அடித்தளம் போட்டுவிட்டுக் கட்டினால், இடிக்கவே மனம் வராது. இடிக்கத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் துடித்தால், கடைசி அரை மணி நேரத்துக்கு உருட்டிய காலுறைகளைக் குண்டுகளாகக் கொடுக்கலாம்.

பிறந்தநாள் கொண்டாட்டமே அந்தக் காலத்துச் சாமானியர் வழக்கமல்ல என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள்தான் பெரிது. வயதுக்கொரு மெழுகுவத்தி நட்ட கேக் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் காணக் கிடைப்பது. ஆனால் அந்த இடைக்காலத்திலேயே தஞ்சையில் ராஜராஜனின் பிறந்த நட்சத்திரமான சதயத்துக்கு விழா எடுத்தார்கள் என்று சொன்னால், ஐப்பசி சதயம் என்றைக்கு என்று வீட்டுக் காலண்டரில் தேடுவார்கள்.

பிறந்த தேதியே எழுதிவைக்காத இங்கிலாந்தில் வயதை எப்படி நிரூபித்தார்கள்? தந்தையை இழந்த பிரபு வீட்டு வாரிசு 21 வயதானால்தான் நிலத்தைத் தன் கையில் பெறலாம். மணமான பெண் வாரிசுக்கு 14. அதற்கு அதிகாரி முன் ஊரார் கூடிச் சாட்சி சொன்னார்கள். இந்தப் பிள்ளை பிறந்த அன்றுதான் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டேன் என்றார் ஒருவர். அந்த வாரம்தான் என் வீடு தீப்பிடித்தது என்றார் இன்னொருவர். ஞானஸ்நானத்துக்குத் தீப்பந்தம் பிடித்தது நான்தான் என்றார் மற்றவர். பல சாட்சியங்கள் வாய்ப்பாடாகவே திரும்பத் திரும்ப வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பிள்ளை பிறந்ததை ஒரு ஊர் தன் காயங்களோடும் இழப்புகளோடும் சேர்த்து நினைவில் வைத்த விதம் அந்தத் தாள்களில் இருக்கிறது.

விருந்து கலையும் முன் ஒரு நீளக் காகிதச் சுருளை விரித்து, தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் உட்காரவைத்து, இந்தப் பிள்ளை பிறந்த அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டு எழுதலாம். மருத்துவமனைக்கு வரும் வழியில் மழை கொட்டியது, ஆட்டோ பழுதாகி நின்றது, போன் வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. விழா நாயகன் நடுவில் அமர்ந்து கேட்பான். இடையே தோழர்களும் கையைத் தூக்குவார்கள்: அன்றைக்கு நானும் பிறக்கவேயில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று.